வேறொருவர் வழியாக

“என் மெயில அனுப்ப எனக்குத் தெரியாதா? வெளிய எவன்கிட்டயோ கொடுத்துத்தான் அனுப்பணுமா?” சிறீகாந்தன் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்கூடாயில் இருந்த தன் வீட்டின் முன்னறையில், மெயில் அனுப்பவும் பெறவும் சொந்தமாக ஒரு மெயில் சர்வர் வைத்து, அதை அவரே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இன்னொருவர் கை வைப்பது பிடிக்கவில்லை போலும் என்று, அதைச் சரிசெய்ய வந்திருந்த ரூபினி நினைத்தாள்.

அவளை வரவழைத்தது அவருடைய மனைவி நிர்மலாதேவி.

“மெல்பர்ன்ல இருக்கிற மகளுக்கு ரொம்ப நாளா மெயிலே போகல ரூபினி. அவ கல்யாணத்துக்கு நாங்க போகலன்னு கோபம். போன் நம்பரையும் மாத்திட்டா. திங்கக்கிழமை எனக்கு ஹார்ட் ஆபரேஷன். அதுக்குள்ள தர்மினிக்குத் தெரியணும் லா.”

“வீட்டு லைன்லேர்ந்து நேரா அனுப்புனா இப்பல்லாம் நிறைய இடத்துல ஏத்துக்க மாட்டாங்க ஆன்ட்டி. இதுக்குன்னே வெளிய எஸ்எம்டிபி கம்பெனி இருக்கு. நம்ம சர்வர் மெயில அவங்ககிட்ட கொடுத்துடும். அவங்க கொண்டுபோய்ச் சேர்ப்பாங்க.”

“இவரும் சர்வர்லதான் கோளாறுன்னு சொன்னாரு. ஆனா சரி பண்ணத்தான் மனசு வரல.” நிர்மலாதேவி சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, தேநீர் போடப் போனார்.

சிறீகாந்தன் ஒருவழியாக இடம் விட்டார். வெளி சர்வரின் பெயர், போர்ட் எண், கடவுச்சொல் என்று ரூபினி ஒவ்வொன்றாகப் பதிந்தாள். இவர்கள் சார்பில் அந்தக் கம்பெனி மெயில் அனுப்பலாம் என்று அவர்கள் மெயில் முகவரியின் டொமைன் அமைப்பிலும் ஒரு வரி சேர்த்தாள்.

“மகளோட அட்ரஸ் சொல்லுங்க அங்கிள், டெஸ்ட் பண்ணிடலாம்.”

“வேற யாருக்காவது அனுப்பிப் பாரும்மா.”

தன் முகவரிக்கே அனுப்பினாள். கைப்பேசி உடனே ஒலித்தது. பெக்கோக்கில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினாள். ‘வந்திடுச்சி’ என்று பதில் வந்தது.

“அலமாக், இவ்வளவுதான் அங்கிள்! இதுக்கா இத்தனை நாள்?” ரூபினி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

நிர்மலாதேவி எழுதி வைத்திருந்த மெயிலைத் தர்மினியின் முகவரிக்குத் தட்டிவிட்டாள். போன வேகத்தில் அது திரும்பி வந்தது.

அது ஏன் திரும்பியது என்று சர்வர் குறித்து வைத்த பதிவைத் திறந்து படித்த ரூபினி, மறுபடியும் படித்தாள். பிழை சர்வரிலும் இல்லை, வெளிக் கம்பெனியிலும் இல்லை. இந்த வீட்டிலிருந்து வரும் எந்த மெயிலும் வேண்டாம் என்று முகவரிக்கு உரியவரே தடுத்து வைத்திருந்தார்.

“அங்கிள்... சர்வர் நல்லாத்தான் இருக்கு. தர்மினி அக்காதான்...”

“போயிடுச்சா ரூபினி? பார்த்துட்டாளா?” சமையலறையிலிருந்து நிர்மலாதேவியின் குரல் ஆசையோடு கேட்டது.

சிறீகாந்தன் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். திரையை அவர் பார்க்கவே இல்லை.

“எனக்கு எப்பவோ தெரியும்மா. ஆன்ட்டிகிட்ட மட்டும், சர்வர் இன்னும் சரியாகலன்னு சொல்லிடு.”