இந்த மாசம் ஆதிகேசவன் முறை

“தினம் அதுல காபி போடறான்பா! நம்ம காபி மேக்கர்ல!”

சோனியா வாய்ஸ் மெசேஜில் கத்திய கத்தலில், ஆதிகேசவனை மட்டும் விட்டுவிட்டு அவசரமாகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழு கிடுகிடுத்தது.

விடிந்தால் சக்லேஷ்பூர் கேம்ப்! இரண்டு மாதமாக மழை கெடுத்த பயணம். ஆளுக்கு ஆள் டெண்ட்டைப் பிரிப்பதும் மடிப்பதும் டார்ச் அடித்துப் பார்ப்பதுமாகத் தலைகால் புரியாமல் இருந்தார்கள். இந்த நேரத்தில் இப்படியொரு சேதி.

காபி மேக்கர் சோனியாவுடையது; கேம்ப் போகும் கேங் முழுவதற்கும் பொது. அடுப்பில் வைக்கும் சின்ன அலுமினியப் பாத்திரம்தான். கீழே தண்ணீர், நடுவில் காபித் தூள், கொதித்தால் மேலே டிகாஷன். ஆற்றங்கரையில் அதிகாலைக் குளிரில் அந்த டிகாஷன் மேலே ஏறவில்லை என்றால் கேங்கில் ஒருவருக்கும் பொழுது விடியாது.

ஒவ்வொரு கேம்ப் முடிந்ததும் ஒருவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கழுவி வைத்து, அடுத்த கேம்புக்குக் கொண்டுவர வேண்டும். சோப்பு போடக் கூடாது. ஈரத்தோடு மூடக் கூடாது. வீட்டில் அதில் காபி போடவே கூடாது. பாத்திரத்தைக் கெடுத்தாலும் சரி, சட்டத்தை மீறினாலும் சரி, கேங்கில் இடம் கிடையாது. சோனியா சட்டம் போட்டால் அப்பீல் இல்லை.

இந்தத் தடவை ஆதிகேசவன் முறை. பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலை. கேங்கில் சேர்ந்தே மூன்று மாதம்தான். வாரத்தில் ஆறு நாள் மெஷின் சத்தத்தில் கிடப்பவனுக்கு டெண்ட், ஆறு, நட்சத்திரம் என்றால் உயிர்.

“ஸ்லீப்பிங் பேக் குடுக்கலாம்னு லிங்கராஜபுரத்துக்கு அவன் வீட்டுக்குப் போனேன். அடுப்பு மேல புஸ்ஸுன்னு பொங்கிட்டிருக்கு! என்னடான்னா, பத்து நாளா தினம் போடறேன்னு கூசாம சொல்றான். சிங்க் பூரா காபிக் கறை வேற!”

முதல் பதில் தருணிடமிருந்து வந்தது.

“தூக்கிடலாம் சோனியா. பொதுப் பொருள்னா ஒரு மரியாதை வேணாமா?”

அடுத்த நிமிடமே இன்னொன்று.

“நானெல்லாம் அதைத் தொடறதுக்கு முன்னாடி கை கழுவறவன்!”

கட்டைவிரல் படங்கள் வந்து குவிந்தன. தீர்ப்பு முடிந்தது.

காலை ஐந்து மணி. பிரேசர் டவுனில் சோனியா வீட்டு வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. எல்லோருக்கும் முன்பே வந்து நின்றவன் ஆதிகேசவன்தான். முதுகில் பை, கழுத்தில் மஃப்ளர், முகமெல்லாம் சிரிப்பு.

“சோனியா, அங்க வானம் சுத்தமா இருக்காம்! ஆப்ல பார்த்தேன். சக்கத்தா, சூப்பரா இருக்கும்!”

சோனியா சிரிக்கவில்லை. காபி மேக்கரை வாங்கித் திருகித் திறந்து பார்த்தாள்.

“கழுவறது மட்டும் நல்லாக் கழுவியிருக்கே. எதுக்கு தினம் இதுல காபி போட்டே? சட்டம் தெரியும்தானே?”

ஆதிகேசவன் வாயைத் திறந்தான். பக்கத்தில் தருண் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு ஆதிகேசவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“தப்புதான்.”

“தப்புன்னா ஆச்சா? இவனை விட்டா நாளைக்கு ஸ்டவ்வையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவான்” என்றான் தருண்.

“பேகனே, சீக்கிரம் ஏறுங்க குரு, டிராஃபிக் ஆயிடும்!” வண்டி ஓட்ட உட்கார்ந்திருந்த வெங்கி ஹார்னை அமுக்கினான்.

சோனியாவுக்கும் மனது கேட்கவில்லைதான். ஆனால் சட்டம் அவள் போட்டது.

“ஆதி, நீ வர வேணாம். இனிமே கேங்குலயும் வேணாம். அடுத்த முறை தருணோடது, அவன்கிட்ட குடுத்துடு” என்று காபி மேக்கரை அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

ஆதிகேசவன் பையை இறக்கிக் கீழே வைத்தான். மஃப்ளரால் முகத்தைத் துடைப்பது போலக் கண்ணையும் துடைத்துக்கொண்டான். பிறகு, வண்டிக்குப் பின்னால் டெண்ட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்த தருணிடம் போனான்.

“மச்சா, இந்தா. ஒவ்வொண்ணாக் கழட்டி வெறும் தண்ணியில கழுவு. வாஷரைத் தனியா எடுத்துக் காய வை.”

“எனக்கே கிளாஸ் எடுக்கறியா?”

“இல்ல மச்சா. இது புதுசு, அதான் சொல்றேன்.”

“புதுசா?”

“புதுசுல அலுமினிய வாடை அடிக்கும். பத்து நாள் டிகாஷன் போட்டுப் போட்டு சிங்க்ல கொட்டினாத்தான் போகும்னாங்க. அதான் தினம் போட்டேன். இப்ப வாடை இல்ல, பயப்படாம குடிங்க.”

“அப்போ பழசு?”

ஆதிகேசவன் வண்டிப் பக்கம் எட்டிப் பார்த்தான். சோனியா முன் சீட்டில் பாட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“போன கேம்ப்ல, எல்லாரும் தூங்கறப்போ, பால் காபி ஸ்ட்ராங்கா வரும்னு கீழ தண்ணிக்குப் பதிலா பாலை ஊத்தி அடுப்புல வெச்சியே... அது உள்ள தீஞ்சு பிடிச்சு, எத்தனை தடவை கழுவியும் நாத்தம் போகலை.”

தருண் கையிலிருந்த டெண்ட் நழுவியது.

“இதை ஏன்டா நீ சோனியாகிட்ட சொல்லலை?”

“சொன்னா உன்னை கேங்கை விட்டுத் தூக்கிடுவாங்கல்ல மச்சா!”