போய்க்கொண்டிருக்கும் லெட்டர்

டிவியில் மாட்டி விளையாடும் அந்த கேம் பெட்டிக்குள் ஒரு சிடியைப் போட்டால், அதுவே போன் லைனைப் பிடித்து இன்டர்நெட்டுக்குள் போய்விடும். துறைமுகத்தில் உடைசல் என்று ஒதுக்கியதை மகள் மெர்லினுக்காக நான்தான் சுமந்து வந்தேன். அன்று அதில் யாருக்கோ லெட்டர் அடித்துவிட்டு, "போய்க்கிட்டிருக்கும்மா, அணைச்சிராதீங்க" என்று கடைக்குக் கிளம்பினாள். தெருமுக்கில் அவள்மேல் லாரி ஏறிவிட்டது.

நாங்கள் அணைக்கவில்லை. கரண்ட் போனாலும் நிற்கக்கூடாதென்று என் மனைவி செசிலி கம்மலை விற்றுப் பெரிய பேட்டரி வாங்கினாள். ஆறு வருஷமாக டிவி நீலமாக எரிகிறது. மெர்லின் போட்டோவுக்கு மாலை போட விடமாட்டாள். "லெட்டர் போய்ச் சேரட்டும்" என்பாள்.

இந்த வயசில் தொழிலாளர் சங்கத்து வகுப்பில் இங்கிலீஷ் எழுத்துப் படித்தேன். நேற்று மூட்டை இறக்கிய முதுகோடு உட்கார்ந்து, திரையில் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். லெட்டர் போகவில்லை, மறுபடி அனுப்பவா என்று கேட்டிருந்தது. மெர்லின் அன்று வாசலைத் தாண்டும்போதே அப்படிக் கேட்டிருக்கும்.

"படிச்ச துரை, என்ன போட்டிருக்குன்னு சொல்லும்" என்றாள் செசிலி.

"போய்க்கிட்டிருக்காம்."

"நான் அப்பவே சொன்னேம்லா" என்று பேட்டரிக்குத் தண்ணி ஊற்ற எழுந்தாள்.