நல்ல காற்று

“அவ்வளவு பெரிய நகரத்தை விட்டுட்டு இந்தக் கிராமத்துக்கா குடி வந்திருக்கீங்க?” சேர்க்கைப் படிவத்தை எடுத்தபடியே கேட்டார் தலைமை ஆசிரியர்.

“பையனுக்கு இளைப்பு சார். அங்கத்துப் புகை ஒத்துக்கல. நல்ல காத்து உள்ள ஊருக்குப் போயிடுங்கன்னு டாக்டர் சொன்னார்,” என்றான் கணவன். பக்கத்தில் மனைவி, தோளில் தூங்கிப்போன மகளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“நல்ல காரியம் பண்ணீங்க. மூணே மாசத்துல மைதானத்தை ஒரே மூச்சுல சுத்தி வருவான் பாருங்க. எந்த வகுப்பு? அவனைக் கூட்டிட்டு வரலையா?”

டாக்டர் அப்படிச் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. பதவி உயர்வு வரட்டும், வந்ததும் கிளம்பிவிடலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவன் கணவன்தான்.

மனைவிதான் பதில் சொன்னாள்.

“அவன் தவறி எட்டு மாசம் ஆச்சு சார். இவளைச் சேர்க்கத்தான் வந்தோம். ஒண்ணாம் வகுப்பு.”

தலைமை ஆசிரியரின் பேனா அப்படியே நின்றது. “தெரியாம கேட்டுட்டேன். மன்னிச்சிடும்மா.”

“பரவாயில்லை சார்.” அவள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். “இவ டீச்சர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. இவளை ஓட விட வேண்டாம். போன மாசத்துலேருந்து இவளுக்கும் இளைக்குது.”