சுவரைப் பார்த்த நாற்காலி

ஒலிப்பதிவுக் கூடத்தில் சிரிப்பு அடங்குவதாக இல்லை. நகைச்சுவை நடிகர் வயலினைத் தாடைக்கு அடியில் வைத்து வில்லை எடுத்ததுமே அவருடைய இடது புருவம் தானாக மேலே ஏறுகிறது. புல்லாங்குழல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். இதே போன்றதொரு கூடத்தில், இளம் வயதில் வாசித்துக்கொண்டிருந்த அவருடைய இந்தப் புருவத்தைப் பார்த்துத்தான் ஓர் இயக்குநர் அவரை நடிக்கக் கூட்டிப்போனார். அதன்பிறகு முப்பது வருடமாகப் புருவம்தான் சோறு போட்டது. வயலின் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. இன்றைக்கு வாசிக்க வேண்டியது, படத்தில் தாய் இறந்துபோகும் காட்சிக்கு. "அத்தான், மூஞ்சியக் கொஞ்சம் சாதாரணமா வச்சுக்குங்களேன்" என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கெஞ்சுகிறார் இசையமைப்பாளர், நடிகருடைய மனைவியின் தம்பி. "இதுதான் மாப்ள சாதாரண மூஞ்சி." மறுபடியும் சிரிப்பு.

நடிகர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்காருகிறார். மைக்கை அவரே இழுத்து வைத்துக்கொள்கிறார். விளக்கின் வெளிச்சம் வழுக்கையில் விழுகிறது. சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருக்கிறது. வில் தந்தியில் இறங்குகிறது. முதல் சுரம் லேசாக நடுங்கிவிட்டு நிலைகொள்கிறது. புல்லாங்குழல்காரரின் சிரிப்பு பாதியில் நிற்கிறது. செல்லோ வாசிக்கிற பெண் தன் இடம் வந்ததும் சேர்ந்துகொள்ள மறந்து, அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைசிச் சுரம் கரைகிறது. "முடிஞ்சுது அத்தான், திரும்புங்க" என்கிறார் இசையமைப்பாளர்.

"செல்லோ வரவேயில்லையேப்பா" என்கிறார் அவர், சுவரைப் பார்த்தபடியே. "இன்னொரு தடவ போலாமா?"

யாரும் சிரிக்கவில்லை.