காத்தம்மாவின் கையெழுத்து

"இன்னிக்கும் கையெழுத்துப் போடலையாம். பெத்த பொண்ணு வாழ்க்கையிலேயே மண்ணை அள்ளிப் போடற அம்மாவை இங்கதான் பார்க்கிறேன்."

பக்கத்து மேஜைக்காரர் என் காதைக் கடித்தார்.

எங்களுக்கு கம்ப்யூட்டரோடுதான் குடித்தனம். விமானத்துக்குப் பின்னால் காற்று எப்படிச் சுழலும், அதில் பாராசூட் எப்படி விரியும் என்று, ஆள் குதிப்பதற்கு முன்பே திரையில் ஓட்டிப் பார்த்துவிடுவோம். அதில், கையெழுத்துப் போடாத அந்த அக்காவை மிஞ்ச எங்கள் ஆபீஸில் ஆள் கிடையாது. அதனால்தான் காத்தம்மா என்று பட்டப்பெயர்.

புது பாராசூட்டோடு ஒருவர் பின் ஒருவராகச் சட்டுச்சட்டென்று குதிக்கும் சோதனை இந்த வாரம். ஆபத்தில்லை என்று அக்கா கையெழுத்துப் போட்டால்தான் அது நடக்கும். முதல் ஆளாகக் குதிக்கப்போவது அக்காவின் ஒரே மகள்.

அக்காவோ, "இவ்வளவு நெருக்கமா குதிச்சா பாராசூட் குடை சுருங்குது" என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"எப்பவாவது ஒரு தடவைதானே சுருங்குது" என்றோம்.

"அந்த ஒரு தடவை போதாதா?"

மகள் போன் செய்தாள். போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்கம்மா. தள்ளிப் போச்சுன்னா வாய்ப்பை வேற குழுவுக்குக் கொடுத்துடுவாங்க. உனக்குப் பயமா இருந்தா கதவைச் சாத்திட்டு வீட்ல உக்காரு. இனிமே எனக்கு போன் பண்ணாத."

"கண்ணு, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

அவள் வைத்துவிட்டாள்.

அக்கா போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். வீட்டுக்காரர் போன பிறகு அந்த வீட்டில் பேச்சுத்துணைக்கு இருந்தது இந்தப் பெண் மட்டும்தான். அவளும் போன வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

மதியம் சாப்பிட யாரும் அக்கா பக்கத்தில் உட்காரவில்லை. நானும்தான். பாசம் இருக்க வேண்டியதுதான், அதற்காக ஆபீஸையா பணயம் வைப்பது?

சாயங்காலம் பெரிய சாரே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கும் பொண்ணு இருக்கும்மா. உங்க பயம் புரியுது. ஒண்ணு பண்ணலாம். ஏதாவது காரணம் சொல்லி உங்க மகளை மட்டும் நிறுத்திடறேன். வேற யாராவது குதிக்கட்டும். நீங்க கையெழுத்தைப் போட்டுடுங்க. ஊர் வாயும் அடங்கும்."

தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். திரையை சார் பக்கம் திருப்பினார்.

"படத்தைக் கொஞ்சம் பாருங்க சார். முதல்ல குதிக்கிறவங்க குடை கீழே ஜம்முனு விரியுது. என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. அவ குடை குழப்பிவிடற காத்துல மாட்டிச் சுருங்கறது, அடுத்து குதிக்கிற பையனோட குடை."

சார் திரைப் பக்கம் குனிந்தார்.

"அவனையும் ஒரு அம்மாதானே பெத்திருப்பாங்க. அவங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் போடத் தெரியாதே, சார்."