ஈரக் காது

துணி உலர்த்திவிட்டு நான் உள்ளே வந்தபோது, என் மகள் நாகியின் தலை என் நாத்தனாரின் மடியில் இருந்தது.

கசுயோவின் கையில் நுனி வளைந்த மூங்கில் குச்சி. காதுக் குறும்பி எடுக்கிற குச்சி.

எட்டு வருடமாக நான் வேறு யாரையும் நாகியின் காதைத் தொட விட்டதில்லை.

"ஆடாதடி. அத்தை உள்ள எல்லாம் போக மாட்டேன். குறும்பி அழுக்கு இல்ல, அது காதுக்குக் காவல். வாசல்ல நிக்கிறத மட்டும் எடுக்கணும்."

கசுயோ ஒரு காது மருத்துவரிடம் இருபது வருடமாக வேலை பார்க்கிறாள். அவள் கைக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

பயந்தது நான்.

குச்சி வெளியே வந்தது. நுனியில் பழுப்பாக, பாகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜப்பானில் எங்களில் பெரும்பாலோருக்குக் குறும்பி தவிடாக உதிரும். எனக்கும் அப்படித்தான். என் கணவர் தொமோயாவுக்கும் அப்படித்தான். எனக்குத் தெரிந்து ஈரக் காது ஒருவனுக்குத்தான் இருந்தது. ரெய்ஜிக்கு. ஒரே ஒரு மதியம் அவன் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தான். நாகி வயிற்றில் இருப்பது எனக்குத் தெரிவதற்குள் மீன்பிடிப் படகோடு கடலில் மூழ்கிப் போய்விட்டான்.

அவன் போனதாகத்தான் ஊர் சொல்கிறது. ஞாயிறுதோறும் நாகியின் காதிலிருந்து எனக்கு அவன் வந்துகொண்டுதான் இருக்கிறான். காகிதத்தில் சுற்றி உடனே எறிந்துவிடுவேன். அடுத்த ஞாயிறு மறுபடி வருவான்.

"அட, ஈரக் காது!" கசுயோவுக்கு ஒரே குஷி. "இது சும்மா வராது யுகாரி. அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது இருந்தாத்தான் பிள்ளைக்கு வரும். எங்க டாக்டர் வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். உன்னோடதா? வா, படு."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன்.

படுத்தேன். காதுக்குள் குச்சி சரசரவென்று காய்ந்த சருகில் நடந்தது.

"உனக்குத் தவிடுதான். அப்ப நம்ம ஆளா? டேய் தொமோயா, இங்க வா! சின்ன வயசுல இந்தக் குச்சியப் பாத்தாலே அலமாரிக்குள்ள பூந்துக்குவான். ஒரு நாள் காதக் காட்டினது இல்ல. இன்னிக்கு விட மாட்டேன்."

அவர் சமையலறையில் மதியத்துக்கு நூடுல்ஸ் செய்துகொண்டிருந்தார். நடுவில் இருப்பது காகிதக் கதவு. பேசியது அத்தனையும் கேட்டிருக்கும்.

"இரு அக்கா, அடுப்புல வேலையா இருக்கேன். ஒரு நிமிஷம்."

அந்த ஒரு நிமிஷம் முடியவே இல்லை. நாகியின் எந்தச் சட்டைகளை எடுத்துக்கொள்வது, யார் வீட்டுக்குப் போவது என்பது வரை நான் யோசித்துவிட்டேன். என் வீட்டில் எனக்கு இருந்த இடம் அவ்வளவுதான் என்று தோன்றியது.

அவர் வந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"வலது காதப் பாருக்கா. அதுலதான் அரிப்பு," என்று அக்காவின் மடியில் படுத்துக்கொண்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இதோ!" கசுயோ கத்தினாள். "அப்படியே நம்ம அப்பா காது. அவருக்கும் இப்படித்தான் வழியும்." சிரித்துக்கொண்டே முகக்கவசத்துக்குள் நாலு தும்மல் போட்டாள். வசந்தம் வந்தால் மரங்களின் மகரந்தம் அவள் மூக்கை அடைத்துவிடும்.

கண்ணைத் திறந்தேன். குச்சியின் நுனி பழுப்பாக, ஈரமாக மின்னியது.

பதினோரு வருடம் என் மடியில் படுத்த தலை அது. தவிட்டைத் தவிர வேறெதையும் நான் அந்தக் காதிலிருந்து எடுத்ததில்லை.

"நானும் அப்பாவும் ஒண்ணு!" என்று நாகி அவர் முதுகில் ஏறிக் குதித்தாள். அவர் அவளைத் தூக்கி, கொஞ்ச நேரம் கீழே விடாமல் வைத்திருந்தார்.

கசுயோ அவளை ஐஸ்கிரீம் வாங்கித் தரக் கூட்டிப்போனாள்.

வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அவர் ஒரு துண்டை விரித்து, வலது காது கீழே படும்படி அதில் படுத்தார். துண்டில் மெல்ல ஒரு பழுப்புக் கறை பரவியது. நூடுல்ஸில் விடுகிற வறுத்த எள்ளெண்ணெய் வாசனை வந்தது.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்ப இருந்து தெரியும் உங்களுக்கு?"

"காது பூரா எண்ணெய். நீ சொல்றது ஒண்ணும் கேக்கல யுகாரி."

எண்ணெய் விட்ட காது துண்டின்மேல் இருந்தது. மற்றொரு காது என் வாய்க்கு நேராக இருந்தது.