சாருக்கு எது தோது?

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். புரோகிராம் எழுதப் போறது சாரா, நீங்களா?"

உமேஷ் கேட்டேவிட்டான். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து, போன மாதம்தான் வில்லாபுரத்தில் கம்ப்யூட்டர் கடை திறந்திருந்தான். இப்படியொரு வாடிக்கையாளரை அவன் பார்த்ததே இல்லை.

"சார்தான்ப்பா" என்றார் சாரின் மனைவி ஆனிமேரி டீச்சர். "ஆராய்ச்சியில ஒரே ஒரு அத்தியாயம்தான் பாக்கி. இந்தப் புரோகிராமை முடிச்சாத்தான் டாக்டர் பட்டம். இனிமே அவகாசம் தர மாட்டாங்களாம்."

"சாரையே கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"அவரு வெளிய வாரதில்லப்பா."

ஆரோக்கியநாதன் சாரிடம் கணக்குப் படித்தவன் உமேஷ். அவர் போர்டில் எழுதும் வேகத்துக்கு நோட்டில் எழுதி மாளாது. அப்பேர்ப்பட்டவருக்கு எது தோது என்று அவனுக்குத் தெரியாதா? கணக்கு சாஃப்ட்வேரில் புரோகிராமை அடித்துத் திருத்த உதவும் மூன்று எடிட்டர்களைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டி, இருப்பதிலேயே வேகமானதைச் சிபாரிசும் செய்தான்.

டீச்சரோ மூன்றிலும் இடது கை ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்திக்கொண்டிருந்தார். கோழிகூட இதைவிட வேகமாகப் பொறுக்கும்!

"ஏம்ப்பா, ரெண்டு பட்டனைச் சேத்து அமுக்காம பிராக்கெட் வராதா?"

"ஆண்டவன் ரெண்டு கை எதுக்கு டீச்சர் குடுத்திருக்கான்?" என்று சிரித்தான்.

டீச்சர் சிரிக்கவில்லை. இரண்டு எழுத்து அடித்தால் மீதியைத் தானே நிரப்பி, பிராக்கெட்டையும் போட்டுவிடுகிற மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்.

"இது ஆமை டீச்சர். சார் என்னையத்தான் திட்டுவாரு."

"திட்டட்டும்ப்பா. அவரு திட்டிக் கேட்டு எம்புட்டு நாளாச்சு!"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உமேஷுக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இந்தம்மா பிடிவாதத்தால் மனுஷன் பட்டமே போய்விடும் போலிருக்கிறதே!

சாயங்காலம் டீச்சர் வாங்கிய கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவனியாபுரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனான். வாசலிலேயே குரல் கொடுத்தான்.

"சார், உமேஷ் வந்திருக்கேன்! மொதல்ல டீச்சருக்கு டைப்பிங் கத்துக்குடுங்க. ஒத்த விரல்ல குத்திக் குத்தி என் கீபோர்டையே ஒரு வழி பண்ணிட்டாங்க!"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாரைச் சாய்த்து வைத்திருந்தார்கள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பழைய மாணவனைப் பார்த்ததும் அவர் கண்கள் நிறைந்தன. 'வா' என்று கூப்பிட அந்த உடம்பில் அசைந்தது இடது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான்.